போர் அடிக்குது: இது எந்தப் போர்?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் துளை போடுவதற்கும் ‘போர்’ என்கிறார்கள், சலிப்பு உண்டாக்குவதற்கும் ‘போர்’ என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா? நாம் ‘போர் அடிக்குது’ என்பது அதிலிருந்து வந்ததா, அல்லது களத்தில் நெல் போரடிப்பதிலிருந்து வந்ததா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய ‘போர் அடிக்குது’ ஆங்கிலச் சொல்தான், நெற்களத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ‘போரும்’ ஒன்றா என்பதற்கு மட்டும் அப்படிப் பட்டென்று பதில் சொல்ல முடியாது. பெரிய ஆங்கில அகராதிகளே சலிப்பு ‘போருக்கு’ மூலம் தெரியவில்லை என்றுதான் போட்டிருக்கின்றன. ஆனால் அந்தச் சொல் எப்போது, எந்த வட்டாரத்தில், யார் வாயில் பிறந்தது என்பது வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமாகத் தெரியும். எனக்குப் பிடித்த பகுதி அதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

துளையிடும் ‘போர்’ மிகப் பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் ‘போரியன்’. ஜெர்மன் மொழியில் இன்றும் துளையிடுவது ‘போரன்’ தான். லத்தீனில் ‘ஃபோராரே’ என்றால் துளைத்தல், அதிலிருந்து வந்ததுதான் ஆங்கில ‘பெர்ஃபரேட்’. எல்லாவற்றுக்கும் அடியில் வெட்டு, குத்து, துளை என்ற பொருள் கொண்ட ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைப் ‘பன்னிரண்டு போர்’ என்று சொல்வதும், தோட்டத்தில் ‘போர் போட்டாச்சு’ என்று சொல்வதும் இந்தச் சொல்தான். ஆற்றில் கடல் ஏற்றத்தோடு எதிர்த்து வரும் அலைச்சுவரையும் ஆங்கிலத்தில் ‘போர்’ என்பார்கள். இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றில் வருவது பேர்போனது. அது வேறு சொல், அலை என்று பொருள்படும் பழைய நார்ஸ் (வட ஐரோப்பியப் பழமொழி ஒன்று) மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சலிப்பு ‘போர்’ அப்படிப் பழையது இல்லை. 1750க்கு முன்னால் அதைத் தேடினால் கிடைக்காது. சாமுவேல் ஜான்சன் 1755ல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் துளையிடும் ‘போர்’ உண்டு. சலிப்பு ‘போர்’ இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் எட்டாம் ஹென்றி நாடகத்தின் முதல் காட்சியில் பக்கிங்ஹாம், தன் எதிரி உல்சியைப் பற்றி ‘இந்த நொடியிலேயே ஏதோ தந்திரத்தால் என்னை போர் செய்கிறான்’ என்று பேசுவார். அதைப் பார்த்துவிட்டு, ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இந்தச் சொல் இருந்தது என்று நினைக்கத் தோன்றும். அங்கே அதற்குப் பொருள் ஏமாற்றுதல், குழி பறித்தல். அந்தப் பொருள் பின்னால் வழக்கொழிந்தது. உல்சி மேல் பக்கிங்ஹாமுக்கு இருந்தது பயமும் வெறுப்பும், சலிப்பு இல்லை.

சரி, அப்புறம் எங்கே பிறந்தது? 1760களில், லண்டனின் மேட்டுக்குடி நண்பர்கள் சிலர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களில்.

அந்த வட்டத்தின் நடுவில் இருந்தவர் ஜார்ஜ் செல்வின். நாடாளுமன்ற உறுப்பினர், பேச்சுச் சாமர்த்தியத்துக்குப் பெயர் போனவர், தூக்குத் தண்டனை நிறைவேற்றுவதைப் போய்ப் பார்ப்பதில் அவருக்கு ஒரு விசித்திரமான ஆர்வம். சூதாட்டம், குதிரைப் பந்தயம், விருந்து, பாரிஸ் பயணம் என்று வாழ்ந்தவர்கள் இவருடைய நண்பர்கள். தனக்கு வந்த கடிதங்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். 1843, 44ல் ஜான் ஹெனேஜ் ஜெஸ்ஸி என்பவர் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார். அகராதிக்காரர்களுக்குப் புதையல் கிடைத்தது அப்படித்தான்.

அந்தக் கட்டில் 1768ல் எழுதிய ஒரு கடிதம். எழுதியவர் கார்லைல் பிரபு, அப்போது அவருக்கு இருபது வயதுகூட முடிந்திருக்காது, ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் சிலர் இங்கிலாந்தின் குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டுக்குப் போகவிருக்கிறார்கள் என்ற செய்தி. அதைப் பற்றி அவர் எழுதிய வரியின் சாரம்: நியூமார்க்கெட்டில் இருக்கும் என் நண்பர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது, இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களைப் போட்டு ‘போர்’ செய்யப்போகிறார்கள். வினைச்சொல்லாக இந்தப் பொருளில் நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வரிகளில் ஒன்று இது.

அந்த வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புதுச் சொல்லைப் போட்டுவிட்டு அதற்கு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. அடைப்புக்குறி, மன்னிப்பு, அடிக்கோடு ஒன்றும் கிடையாது. படிக்கிற செல்வினுக்குப் புரியும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார். ஆகவே பேச்சில் அது அதற்கும் முன்பே புழங்கியிருக்க வேண்டும். இதே வட்டத்தின் 1766, 67 காலக் கடிதங்களில் அது பெயர்ச்சொல்லாகவும் வருகிறது. ‘பிரெஞ்சு போர்’ என்ற தொடர்கூட வருகிறது.

இந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு கட்சி, இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல் என்கிறது. காலமும் அதற்கு ஒத்துப்போகிறது. ஏழாண்டுப் போர் 1763ல் முடிந்து பிரிட்டனும் பிரான்சும் சமாதானம் ஆனதும், ஆங்கிலக் கால்வாயின் இரண்டு கரைக்கும் பணக்காரர்கள் போக்குவரத்து பெருகியது. பிரெஞ்சில் ‘பூர்’ என்றால் மெத்தையிலும் சேணத்திலும் அடைக்கும் பஞ்சு, கழிவு உரோமம். ‘பூரே’ என்றால் அடைத்துத் திணிப்பது. சாரமில்லாத பேச்சைக் காதில் திணிப்பது என்று அதை நீட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு கட்சி, துளையிடும் ‘போர்’ தான் இது என்கிறது. தச்சரின் துரப்பணம் மரத்தில் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரமே இல்லாமல், ஒரே சீராக, நிறுத்தாமல், அதே இடத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே போகும். விடாமல் பேசுகிற ஆள் கேட்பவரை அப்படித்தான் செய்கிறான்.

என் சாய்வு இரண்டாவது கட்சிப் பக்கம். பிரெஞ்சு வாதத்தின் பலவீனம், பிரெஞ்சிலேயே ‘பூர்’ சலிப்பு என்ற பொருளில் வழங்கியதாகச் சான்று இல்லை என்பது. அவர்களுக்குச் சலிப்புக்கு ‘ஆன்வி’ என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருந்தது. இங்கிலாந்துக்காரர்களும் அதை அப்போதே கடன் வாங்கியிருந்தார்கள். ‘பிரெஞ்சு போர்’ என்பதில் உள்ள ‘பிரெஞ்சு’, சலிப்புக்குப் பெயரெடுத்த நாட்டைக் குறிப்பதாக இருக்கலாம். சொல் எங்கே பிறந்தது என்பதை அது காட்டுவதாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் இது சாய்வுதான், நிரூபணம் இல்லை.

துளைக் கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். பெயர் பிரான்சிஸ் குரோஸ். லண்டன் தெருக்களிலும் சாராயக் கடைகளிலும் சிறைகளிலும் புழங்கிய கொச்சைச் சொற்களைத் திரட்டி 1785ல் ஓர் அகராதி போட்டார். அதில் ‘போர்’ என்பதற்கு அவர் கொடுக்கும் விளக்கம்: தொல்லை கொடுக்கும் சலிப்பூட்டும் ஆணோ பெண்ணோ, சுவையில்லாத கதையால் கேட்பவர் காதைத் துளைப்பவர், 1780, 81 வாக்கில் மிகவும் நாகரிகமாக இருந்த சொல். பார்த்தீர்களா, காதைத் துளைப்பவர் என்றே எழுதியிருக்கிறார். சொல் பிறந்து இருபது ஆண்டு ஆவதற்குள் அதைப் பயன்படுத்தியவர்கள் மனதில் துளைக்கும் கருவிதான் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மூலம் வேறாகவே இருந்தாலும்கூட, கேட்டவர்கள் காதில் அது துளையாகவே விழுந்திருக்கிறது.

காது இந்தக் கதையில் தற்செயலாக வரவில்லை. ‘போர்’ பிறப்பதற்கு ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுக்கு முன்னால், ஷேக்ஸ்பியரின் ஜான் மன்னர் நாடகத்தில் ஒரு பாத்திரம், வாழ்க்கை இரண்டாம் முறை சொன்ன கதை போலச் சலிக்கிறது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவனின் மந்தக் காதைத் தொந்தரவு செய்கிறது என்று சொல்லும். அங்கே சலிப்புக்கு வரும் சொல் ‘போர்’ இல்லை, ‘டீடியஸ்’. அந்த அனுபவம் அப்போதும் இருந்தது. அதைச் செய்கிற ஆளுக்கு ஒரே அசையில் பெயர் மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

அந்தப் பெயர் கிடைத்ததும் ஆங்கிலம் அதை விடவில்லை. 1823ல் பைரன் தன் டான் ஜுவான் காவியத்தின் பதின்மூன்றாம் காண்டத்தில், நாகரிகச் சமூகம் மொத்தமும் இரண்டே குலம்தான், சலிப்பூட்டுபவர்கள், சலித்துப்போனவர்கள் என்று இந்தச் சொல்லை வைத்தே எழுதினார். இதில் மனதைக் கவரும் ஒரு தொடர்ச்சி உண்டு. பைரன் சிறுவனாக இருந்தபோது அவருக்குச் சட்டப்படி பாதுகாவலராக இருந்த உறவினர் வேறு யாரும் இல்லை, 1768ல் அந்தக் கடிதத்தை எழுதிய அதே கார்லைல் பிரபுதான். இருவருக்கும் பின்னால் ஒத்துப்போகவில்லை, பைரன் 1809ல் அவரைக் கவிதையில் தாக்கியே எழுதினார். இருந்தாலும் பெரியவர் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய சொல்லை, அவர் பாதுகாப்பில் இருந்த பிள்ளை ஒரு சமூகத்துக்கே சூட்டியதாக எனக்குப் படுகிறது.

சலிப்பு என்ற நிலையைக் குறிக்கும் ‘போர்டம்’ இன்னும் பிந்தியது. ராஜ்யம், சுதந்திரம் போன்றவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் வரும் ‘டம்’ என்ற அதே விகுதியை ஒட்டவைத்து உண்டாக்கியது. டிக்கன்ஸ்தான் அதை உருவாக்கினார் என்று நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை, 1829லேயே அந்தச் சொல் பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. ஆனால் அதை ஊரறியச் செய்தவர் டிக்கன்ஸ் என்றால் மறுப்பதற்கில்லை. 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதத் தொடராக வந்த ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில் டெட்லாக் சீமாட்டி, ‘சலிப்பால் செத்தே போனேன்’ என்றபடிதான் அறிமுகம் ஆகிறாள். நாவலில் பின்னால் ‘போர்டம்’ அவளைப் பிடித்த தீராத நோய் என்றே வர்ணிக்கப்படுகிறது. மழையும் ஈரமுமாக இருக்கும் ஒரு பெரிய வீடு, வேலை எதுவும் இல்லாத ஒரு பணக்காரப் பெண், உள்ளே மறைத்துவைத்த ஒரு துயரம். இந்த மூன்றும் சேர்ந்த ஒன்றுக்குப் பெயராக அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

போகிறபோக்கில் இன்னொன்று. ஆர்வத்தைத் தூண்டும் என்ற இன்றைய பொருளில் ‘இன்ட்ரஸ்டிங்’ என்ற சொல்லுக்கும் அகராதி காட்டும் முதல் ஆண்டு 1768 தான். அதற்கு முன்னால் அது ‘உங்களைப் பாதிக்கக்கூடிய, உங்களுக்குச் சம்பந்தமுள்ள’ என்ற பொருளில் வழங்கியது. நோயும் மருந்தும் ஒரே ஆண்டில் பதிவாகியிருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் மனதைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை வைத்து உலகத்தை அளக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையில் வேர்விட்டது என்று பலர் வாதிடுவதற்கு இது தோதாக இருக்கிறது. பொழுது கையில் மிஞ்சிய வர்க்கம் பெருகிய காலம் அது.

துளைக் கட்சிக்கு நான் சாய்வதற்கு இன்னொரு காரணம் மற்ற மொழிகள். சலிப்பூட்டும் ஆளைக் கூரான கருவியாகப் பார்ப்பது எங்கும் நடக்கிறது. பிரெஞ்சில் ‘ராஸே’ என்றால் சவரம் செய்வது, பேச்சுவழக்கில் அதற்குச் சலிப்பூட்டுவது என்றும் பொருள். ‘ராஸ்வார்’ என்றால் சவரக்கத்தி, சலிப்பூட்டும் ஆளுக்கும் அதுவே பெயர். நாம் மட்டும் என்ன? ‘செம அறுவை’, ‘பிளேடு போடுறான்’, ‘ஒரே ரம்பம்’, ‘கழுத்தை அறுக்காதே’. பாரிஸ்காரர்களும் சென்னைக்காரர்களும் கலந்து பேசி முடிவுசெய்த உவமை இல்லை இது. இத்தனை பேருக்குத் தோன்றியது 1760களில் லண்டன்காரர்களுக்கும் தோன்றியிருந்தால் வியப்பு என்ன?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ‘போர் அடிக்குது’ என்பதைக் களத்து வேலையோடு இணைப்பவர்கள் சொல்வதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. போர் என்றால் நெற்கட்டுக் குவியல், வைக்கோல் குவியல். போரடிப்பது என்றால் மாடு கட்டி அந்தக் குவியலை மிதிக்கவிட்டு மணியை உதிர்ப்பது. ‘மாடு கட்டிப் போரடித்தால் மாளாது செந்நெல் என்று ஆனை கட்டிப் போரடித்த’ மதுரையைப் பற்றிய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாடு ஒரே வட்டத்தில் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும், பார்க்கிறவனுக்குச் சலிப்பு வரும், அதனால் ‘போரடிக்குது’ என்று சொன்னார்கள் என்பது விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நிற்காது.

முதலில் உச்சரிப்பு. நெற்போரில் வருவது பால், படம் என்பவற்றில் வரும் வல்லின ப. ‘போர் அடிக்குது’ என்று சொல்லும்போது வருவது பஸ், பல்பு என்பவற்றில் வரும் ப. எழுத்து ஒன்றாக இருப்பதால் கண் ஏமாறுகிறது, காது ஏமாறாது. நீங்களே இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது பக்கத்து மொழிகள், இதுதான் வலுவான சான்று. மலையாளத்தில் ‘போரடிக்குன்னு’ என்கிறார்கள். கன்னடத்தில் ‘போர் ஹொடெயுத்தெ’, தெலுங்கில் ‘போர் கொடுதோந்தி’. ஹொடி, கொட்டு இரண்டுக்கும் அடிப்பது என்றுதான் பொருள். மூன்றிலும் எழுத்திலேயே அந்தப் பஸ் ப தான் இருக்கிறது, அவர்களுக்கு இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டல்லவா. நெல் அடிப்பதற்கோ அங்கே வேறு சொற்கள்: மலையாளத்தில் மெதி, தெலுங்கில் நூர்ப்பிடி, கன்னடத்தில் ஒக்கணை. களத்திலிருந்து வந்திருந்தால் நான்கு மொழியும் இப்படி ஒரே அச்சில் வார்த்திருக்க முடியாது. ஆங்கிலச் சொல் ஒன்றை வாங்கி, நான்கும் தத்தம் ‘அடி’யைச் சேர்த்துக்கொண்டன.

ஏன் ‘அடி’? வெளியிலிருந்து நம் மேல் வந்து படுவதற்கெல்லாம் தமிழில் ‘அடி’ தான். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வாடை அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது. சலிப்பும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது, ஆள் மறைந்துபோவதுதான். கார்லைல் எழுதிய வரியில் ‘போர்’ செய்ய ஒரு பிரெஞ்சுக்காரர் வேண்டும். ‘எனக்குப் போர் அடிக்குது’ என்பதில் யாரும் ஒன்றும் செய்யவில்லை, அது தானாக வந்து விழுகிறது. ஆளைக் குறை சொல்ல வேண்டும் என்றால் நாம் பிளேடையும் ரம்பத்தையும் எடுக்கிறோம்.

ஆங்கிலம் கற்கிற நம் பிள்ளைகள் ‘ஐ ஆம் போரிங்’ என்று தவறிச் சொல்வதற்கும் காரணம் இதுதான். ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்கும் ஆளை ஆங்கிலத்தில் எழுவாயாக்க வேண்டியிருக்கிறது. அப்போது ‘அடிக்குது’ என்ற நடப்புக் கால வினை ‘இங்’ ஆகி ஒட்டிக்கொள்கிறது. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் நான் பிறரைச் சலிக்கவைப்பவன் என்று பொருள் ஆகிவிடும். எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்பதற்கு ‘ஐ ஆம் போர்ட்’. குழந்தைக்குச் சொல்லித்தரும்போது ‘காய்ச்சல் நீ இல்லை, உனக்குக் காய்ச்சல்’ என்று பிரித்துக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

‘டீடியஸ்’ வேண்டிய இடத்தில் ‘போரிங்’ போடுவதையும் பார்க்கிறேன். ஆயிரம் பெயரை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது டீடியஸ். நீளமும் ஒரே மாதிரியும் சேர்ந்து ஆளை அசத்தும் வேலை அது. வேலையே இல்லாமல் சன்னலருகே உட்கார்ந்திருப்பவருக்கு இருப்பது போர்டம், அதை டீடியஸ் என்று சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது. டீடியஸுக்கு மூலம் லத்தீன் ‘தாய்தெத்’ என்ற வினை. அது விசித்திரமான வினை, அதற்கு எழுவாயே கிடையாது. ‘மே தாய்தெத்’ என்றால் ஏறக்குறைய நம் ‘எனக்குச் சலிக்கிறது’ தான், சலிக்கவைப்பது எது என்று சொல்ல வேண்டுமானாலும் அது எழுவாயாக வராது, ஆறாம் வேற்றுமையில்தான் வரும்.